அச்சப்பூட்டு

சம்யுக்தா நாற்காலியில் உட்கார்ந்ததுமே மேசை மீதிருந்த கருவி தொண்ணூற்றொன்று என்று காட்டியது.

"அம்மிணி, சோதனையே இன்னும் ஆரம்பிக்கலீங்க," என்றார் துப்பாக்கிக் கடைக்காரர் செங்கோடன்.

"அவ அப்படித்தானுங்க," என்றாள் அம்மா மரகதம். "குக்கர் விசில் அடிச்சாலே வாசலுக்கு ஓடீருவா."

செங்கோடன் சிரிக்கவில்லை. காலையிலிருந்து மூன்று வாலிபர்களை இருட்டறைக்குள் உட்கார வைத்து, தலைக்குப் பின்னால் தகரத்தைத் தட்டி, காலடியில் ரப்பர் பாம்பை விட்டுப் பார்த்துவிட்டார். ஒருவன் கொட்டாவி விட்டான். மற்ற இருவரும் அறுபதைத் தாண்டவில்லை. எழுபதைத் தொடாதவருக்குப் பைத்துப்பாக்கி விற்றால் கடையை இழுத்து மூடிவிடுவார்கள். இந்தப் பெண்ணோ வாசற்படி ஏறும்போதே தேறிவிட்டாள். அருமையான குரலைக் கேட்ட பாட்டு வாத்தியார் போல அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நொய்யல் மாநகரில் பதினெட்டு வயது முடிந்த எவரும் ஒரு பைத்துப்பாக்கி வாங்கிக்கொள்ளலாம். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். பென்சில் தடிமனுக்குக் குழல், சுண்டுவிரல் நகத்தளவு குண்டுகள் ஆறு. ஆனால் அதன் உயிர் குழலில் இல்லை, அச்சப்பூட்டில் இருந்தது. மணிக்கட்டில் கட்டிய நாடிப்பட்டை உடையவரின் துடிப்பையும் வியர்வையையும் ஓயாமல் மோப்பம் பிடித்துக்கொண்டே இருக்கும். கோபத்தின் வியர்வை வேறு, பயத்தின் வியர்வை வேறு என்று அதற்குத் தெரியும். அச்ச எண் எழுபதைத் தொட்டால் மட்டுமே பூட்டு திறக்கும். ஆத்திரக்காரன் கையில் அது வெறும் இரும்பு. குடிகாரன் கையிலும், திருடப் போகிறவன் கையிலும் அப்படியே. நிஜமாகவே நடுங்குகிறவர்தான் சுட முடியும். உயிருக்குப் பயந்தவருக்குத்தானே ஆயுதம் வேண்டும் என்று சட்டம் செய்தவர்கள் மார்தட்டிக்கொண்டார்கள்.

பூட்டு திறக்கும்போது ‘டக்’கென்று பக்கத்துத் தெருவரை கேட்கும்படி ஓசை வர வேண்டும் என்பதும் சட்டம். எதிரே நிற்பவர் அதைக் கேட்டு விலகிக்கொள்வார் அல்லவா?

"மெரூன்ல இருக்குதுங்களா?" என்று கேட்டாள் மரகதம். "சுடிதாருக்கு எடுப்பா இருக்கும்."

மெரூன் இருந்தது. செங்கோடன் நாடிப்பட்டையை மாட்டிவிட்டுத் துப்பாக்கியை அவள் இடுப்புப் பையில் வைத்தார். வைத்த கணமே டக்.

திரும்பி வரும்போது பேருந்தில் சம்யுக்தா அம்மாவின் தோளை ஒட்டி உட்கார்ந்தாள். பட்டை கட்டிய கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாள், அது தன் கையே இல்லை என்பது போல.

"அம்மா, இது தொறந்தேதான் கிடக்கும்மா. எனக்கு எப்பவும் தொண்ணூறுதான். என்னைக்காச்சும் எவனாச்சும் பின்னால வந்து விளையாட்டுக்குக் கத்துவான். நான் திரும்பிச் சுட்டுருவேன். ஒரு ஆளைக் கொன்னுபோட்டு நான் எப்படிம்மா இருப்பேன்? பயமா இருக்கும்மா."

"மெதுவாப் பேசு சாமி," என்று மரகதம் அவள் வாயைப் பொத்தினாள். முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டு இரண்டு இருக்கை தள்ளிப் போய் உட்கார்ந்தார்.

ஊரில் அந்த ஒரு சொல்லை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ‘எனக்குப் பயமாக இருக்கிறது’ என்றால், ‘என் துப்பாக்கி திறந்திருக்கிறது, ஜாக்கிரதை’ என்று பொருள். சின்னக் குழந்தைகள் சொன்னால்கூட அடி விழும்.

"ஊருக்கே இருக்குது. நீ மட்டும் வெறுங்கையா நின்னா எனக்குச் சோறு இறங்குமா?" என்றாள் மரகதம்.

மரகதத்தின் பேக்கரி கடைவீதி முனையில் இருந்தது. ஒன்பதாம் நாள் மாலை, பப்ஸ் சூடாக வந்து இறங்கும் நேரம். கடை வாசலில் காரை நிறுத்தினார் நூல் தரகர் ராக்கியப்பன். காரின் பக்கக் கண்ணாடி ட்ரோன் மெக்கானிக் சிவன்மலையின் ஸ்கூட்டரை உரசிவிட்டது.

"ஏனுங், கண்ணு பின்னாடி இல்லீங்களா?"

"வண்டிய நடுரோட்டுல நிறுத்தீட்டு எனக்குச் சொல்றீங்களாக்கும்?"

அதோடு முடிந்திருக்க வேண்டியது. ஆனால் ராக்கியப்பன் ஆறடி ஆள். ஓர் அடி முன்னால் வந்தார். சிவன்மலையின் இடுப்பில் டக். அதைக் கேட்டதும் ராக்கியப்பனின் முகம் வெளுத்தது. அவர் இடுப்பிலும் டக். அது சிவன்மலையின் காதில் விழுந்து, அவர் கை பைக்குள் போனது. அந்தக் கையைப் பார்த்து ராக்கியப்பன் கையும் போனது. விலகச் சொல்வதற்காக வைத்த ஓசை இருவரையும் இருந்த இடத்திலேயே அறைந்து நிறுத்திவிட்டது. டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் இடுப்பில் வரிசையாக டக், டக், டக்.

சம்யுக்தா சரியாக இரண்டு பேருக்கும் நடுவில், பப்ஸ் தட்டோடு நின்றாள். அவள் துப்பாக்கி திறந்து ஒன்பது நாளாகிறது. ஒரு கை தட்டை விட்டால் போதும், தானாக அங்கே போய்விடும் என்று அவளுக்குத் தெரிந்தது. அதனால் இரண்டு கையாலும் தட்டை இறுக்கிப் பிடித்தாள். கை வேறு வேலையாக இருந்ததால் வாய் திறந்துகொண்டது.

"எனக்குப் பயமா இருக்குதுங்க!"

டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் இரண்டடி பின்வாங்கினார்கள்.

"நிசமாலுமே பயமா இருக்குதுங்க. எனக்குக் குக்கர் விசில்னா பயம். பல்லி மேல விழுந்துருமோன்னு பயம். லிஃப்ட்டுக்குள்ள தனியாப் போகப் பயம். உங்களையெல்லாம் விட இந்தத் துப்பாக்கின்னாத்தான் பயம். இப்ப நீங்க ரெண்டு பேரும் சுடுவீங்க, நடுவுல நான் செத்துப் போவேன், தட்டு கீழ விழுந்துரும், இருபத்திநாலு பப்ஸும் வீணாப் போயிரும், அதுக்கு எங்கம்மா என்னைய வையுமேன்னு அதுக்கும் பயமா இருக்குதுங்க!"

"செத்தவளை நான் ஏண்டி வையறேன்?" என்று கல்லாவிலிருந்து மரகதம் அழுகுரலில் கத்தினாள்.

முதலில் ராக்கியப்பனுக்குத்தான் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. "அம்மிணி, எனக்கும் பல்லின்னா ஆகாதுங்க," என்றார், ஆறடி ஆள், எல்லோர் முன்னாலும். சிவன்மலையின் தோள் இறங்கியது. பூட்டு மூடும்போது ஓசை மெல்லியது, உதடு குவித்து முத்தமிட்டது போல. அன்று மாலை கடைவீதியில் அந்த ஓசை முப்பது தடவை கேட்டது. பப்ஸ் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

யாரோ படம் பிடித்திருந்தார்கள். மறுநாள் காலைக்குள் ஊரே பார்த்துவிட்டது. பேருந்தில் கால் மிதிபட்ட கல்லூரி மாணவன், "அண்ணா, எனக்கு உங்க மீசையப் பார்த்தாப் பயமா இருக்குதுங்க," என்றான். மீசைக்காரர் வெட்கப்பட்டார். மேலதிகாரிகள் குமாஸ்தாக்களிடம் சொன்னார்கள், குமாஸ்தாக்கள் மேலதிகாரிகளிடம் சொன்னார்கள். சம்பந்தம் பேச வந்தவர்கள் காப்பி வருவதற்குள் அவரவர் பயத்தைச் சொல்லி முடித்தார்கள். சொல்லிவிட்ட பயம் பாதியாகக் குறைந்தது. கேட்டவருக்கும் குறைந்தது. பயந்தேன் என்று சொல்கிறவரைக் கண்டு யாரால் பயப்பட முடியும்?

மாநகராட்சி வாசலில் அச்சப்பலகை இருந்தது. ஊரிலுள்ள நான்கு லட்சம் துப்பாக்கிகளில் அந்த நொடியில் எத்தனை திறந்திருக்கின்றன என்று அது காட்டும். வழக்கமாக ஆறாயிரத்துக்குக் குறையாது. ஒரு மாதத்தில் எண்ணூறு. மூன்று மாதத்தில் நாற்பது. சம்யுக்தா ஊர் ஊராக அழைக்கப்பட்டு, மேடை மேடையாகத் தன் பயங்களைச் சொல்லிச் சொல்லி, ஒருநாள் தன் இடுப்பிலும் அந்த முத்தச் சத்தத்தைக் கேட்டாள். நின்று இன்னொரு முறை காது கொடுத்தாள். பூட்டியேதான் இருந்தது. நடுத்தெருவில் அவள் அழுதாள். இனி அந்தக் கை யாரையும் கொல்லாது.

பலகை பத்துக்குக் கீழே வந்ததும் மேயரம்மா விழா எடுத்தார். நான்காயிரம் பேர் அமரும் அரங்கம், பொன்னாடை, நாதஸ்வரம், ஊர் முழுக்க நேரடி ஒளிபரப்பு. மேடையில் பெரிய அச்சப்பலகை. மூன்று. இரண்டு. ஒன்று. எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

பூஜ்யம்.

வெடிச்சிரிப்பும் விசிலுமாக அரங்கம் அதிர்ந்தது. முன்பின் தெரியாதவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். மேயரம்மா ஒலிவாங்கியைப் பிடித்து, "இந்த நிமிசம் நம்ம ஊர்ல ஒரு துப்பாக்கி கூடச் சுடாதுங்க!" என்றார்.

கைத்தட்டல் ஓயும்போது மூன்றாம் வரிசையில் ஒரு பெரியவர் பக்கத்து ஆளிடம் கேட்டது சற்று உரக்கவே கேட்டுவிட்டது. "அப்ப வெளியூர்க்காரன் எவனாச்சும் இப்ப வந்தான்னா, நாம என்னத்தப்பா பண்றது?"

டக்.

பலகையில் ஒன்று. பிறகு ஏழு. பிறகு நானூறு. அரங்கம் முழுக்கத் தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுவது போல் சத்தம். வீடுகளில் பார்த்துக்கொண்டிருந்தவர்களும் சேர்ந்துகொள்ள, எண் லட்சங்களில் ஓடியது. ஒவ்வொரு டக்கும் அடுத்ததைப் பெற்றுப்போட்டது. கைகள் பைகளுக்குள் போயின.

"அம்மிணி, சொல்லு, சொல்லு!" என்று மேயரம்மா சம்யுக்தாவை முன்னால் தள்ளினார்.

அவள் வாய் திறந்தாள். சொல்வதற்கு ஒரு பயத்தைத் தேடிப் பார்த்தாள், உள்ளே பயமே இல்லை. மூன்று மாதமாக ஊருக்கே எடுத்துக் கொடுத்துத் தீர்த்துவிட்டாள். பொய் சொன்னால் முகமே காட்டிக்கொடுத்துவிடும். திரும்பிப் பலகையைப் பார்த்தாள். நான்கு லட்சத்துக்கு ஒன்று குறைவு. அந்த ஒன்று தன்னுடையது என்று புரிந்தது. இத்தனை திறந்த துப்பாக்கிகளுக்கு முன்னால், இந்த ஊரிலேயே சுட முடியாத ஒரே ஆள் தான் மட்டும்தானா?

டக்.

ஒலிவாங்கி அதைப் பிடித்து அரங்கத்தின் எட்டு ஒலிபெருக்கிகளிலும் கொட்டியது. மேடையில் நின்ற பெண்ணின் முகம் வெளுத்து, காது சிவந்து, அவளே அந்தச் சத்தத்தில் துள்ளிக் குதித்ததை நான்காயிரம் பேரும் பார்த்தார்கள்.

"எம்படதும் தொறந்துருச்சுங்க," என்றாள், குற்றம் செய்தவள் போல. "சாரிங்க."

சிரிப்பு முன்வரிசையிலிருந்து பின்வரிசைக்கு ஓடியது. பூட்டுகள் மூடின. லட்சம், ஆயிரம், நூறு என்று எண் சரிந்தது. சரியச் சரிய சம்யுக்தாவுக்கு மட்டும் வியர்த்தது. மறுபடி பூஜ்யம் வந்தால், மறுபடி பயப்படுவார்களே!

பலகை ஒன்றில் நின்றது. பூஜ்யத்துக்குப் பயந்தவள் ஒருத்தி இருக்கும்வரை பூஜ்யம் எப்படி வரும்? ஊர் மக்கள் அந்த ஒன்றைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். ஒரு துப்பாக்கியாவது சுடுமே. நிம்மதியாக வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார்கள்.

மறுவாரமே அரசாணை வந்தது. பதவி, மாநகர அச்சக் காப்பாளர். பலகை ஒன்றுக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்வது வேலை. நிரந்தரப் பணி, ஓய்வூதியம், ஜன்னலோரத்தில் தனி அறை. மரகதம் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் மைசூர்பாகு கொடுத்தாள். "பயந்தாங்கொள்ளின்னு சொன்னீங்கல்ல? பாருங்க, கவர்மென்ட் உத்தியோகம்!" துப்பாக்கி வாங்கிய நாளிலிருந்து இன்றுவரை சம்யுக்தா ஒரு குண்டுகூடச் சுட்டதில்லை. ஊரிலும் எவரும் சுடவில்லை.

நான்காம் மாதம் ஒரு மதியம், மின்விசிறிக் காற்றில், யாரும் அதட்டாத அந்த அறையில், அவள் தற்செயலாகத் தன் நாடிப்பட்டையைப் பார்த்தாள். எழுபத்தொன்று. மாதச் சம்பளம் வருகிறது, அம்மா சந்தோஷமாக இருக்கிறாள், ஊர் அமைதியாக இருக்கிறது. இனி என்ன பயம் இருக்கிறது என்று யோசித்தாள். எழுபது.

இன்னும் ஒன்று குறைந்தால் வேலை போய்விடுமே என்று அப்போதுதான் தோன்றியது.

எண்பத்தெட்டு.