மூன்று மவுசும் ஒரு பொட்டும்

விஜயதசமி. காலை 10.20. அம்பத்தூர் தொழிற்பேட்டை.

நல்ல நேரம் பார்த்து ஏழு மணிக்கு மெஷினை ஓட்டி வெட்டிய முதல் இரும்புத் தகடு வீணாகிவிட்டது. ஆறு துளைகளில் ஒன்று நான்கு மில்லிமீட்டர் தள்ளி விழுந்திருந்தது.

டிராயிங் போட்டவள் மதிவதனி. வேப்பம்பட்டிலிருந்து ரயிலேறி வரும் பெண். சேர்ந்து ஐந்து மாதமாகிறது, ஆறு முடிந்தால் வேலை நிரந்தரம். முதலாளி ஜெகதீசன் இப்போது பார்த்த பார்வையில் இன்றைய மாலையே நிச்சயமில்லை.

"நான் சரியாத்தான் போட்டேன் சார்" என்றாள்.

11.05. மதிவதனியின் கம்ப்யூட்டரைப் பார்க்க அனுசுயா வந்தாள். ஸ்டேஷன் பக்கம் ரிப்பேர் கடை வைத்திருப்பவள். வந்த வேலையோடு நிற்காமல் மூக்கை நுழைப்பது அவள் வழக்கம். அந்தக் கெட்ட வழக்கத்துக்கு ஒரு கும்பிடு போடலாம்.

பையிலிருந்து தன் மவுசை எடுத்துச் சொருகினாள். ஐந்தே நிமிடம்.

"நேத்து காலை கம்ப்யூட்டர் தானா எடுத்து வெச்ச நகல்ல துளை சரியா இருக்கு. சாயந்தரம் 4.10க்கு யாரோ நகர்த்தி இருக்காங்க. இதே கம்ப்யூட்டர்லதான்."

"நேத்து ஆயுத பூஜை. ஒரு மணிக்கே எல்லாரும் கிளம்பியாச்சே!" என்றார் ஜெகதீசன்.

"சாவி யார்கிட்ட இருக்கு?"

மூன்று பேரிடம். ஜெகதீசன், காலையில் திறக்கும் மதிவதனி, பதினெட்டு வருடமாக டிராயிங் போடும் டில்லிபாபு.

சாமி படத்துக்கு முன்னால் வாழை இலையில் ஆபீஸ் சாமான்கள் அப்படியே இருந்தன. காலையிலேயே கலவரமாகிவிட்டதால் யாரும் எடுக்கவில்லை. ஸ்கேல், ஸ்டேப்லர், மூன்று ஒயர்லெஸ் மவுஸ். அனுசுயா குனிந்து பார்த்தாள்.

மதிவதனியின் மவுஸ் சாதாரண ரகம், அதன் சிக்னலை வாங்கும் குட்டி ரிசீவர் அவள் கம்ப்யூட்டரிலேயே சொருகியிருந்தது. இரண்டு பட்டன்களையும் சேர்த்து அப்பிய சந்தனம் விரிசல் இல்லாமல் காய்ந்திருந்தது. ஜெகதீசனுடையது புளூடூத், லேப்டாப்புக்காக வாங்கியது. டில்லிபாபுவுடையது உருண்டை மவுஸ். மணிக்கட்டு வலிக்காரர் அவர். மவுஸ் இருந்த இடத்திலேயே இருக்கும், மேலேயுள்ள உருண்டையைக் கட்டைவிரலால் உருட்டினால் போதும். அதில் மட்டும் பொட்டு இல்லை.

"இதோட ரிசீவர் எங்க சார்?"

"பர்ஸ்ல. தொலைஞ்சிடும்னு யார்கிட்டயும் தர்றதில்ல" என்றார் டில்லிபாபு.

"பொட்டு?"

"அந்தம்மா வைக்க மறந்திருக்கும்."

நேற்று சாமான்களுக்குப் பொட்டு வைத்தவள் ஆபீஸ் கூட்டும் வேம்புலியம்மாள். துடைப்பத்தோடு நின்றுகொண்டிருந்தாள். சட்டென்று நிமிர்ந்தாள்.

"இன்னா சார் பேசுற? ஒண்ணையும் உடல. ஸ்டேப்லருக்குக் கூட வெச்சிட்டுத்தான் ஊட்டுக்குப் போனேன்."

"நேத்து நாலு மணிக்கு எங்க இருந்தீங்க மதி?" என்று கேட்டாள் அனுசுயா.

"வீட்ல. அம்மா மட்டும்தான் சாட்சி" என்றாள் மதிவதனி. அந்தச் சாட்சியை ஜெகதீசன் ஏற்பதாகத் தெரியவில்லை.

11.40. அனுசுயா மூன்று மவுசையும் மேசைமேல் வைத்தாள்.

"துளையை நகர்த்தணும்னா மவுஸ் வேணும். மதியோட மவுசை ஒரு தடவை அழுத்தி இருந்தாக்கூட சந்தனம் வெடிச்சிருக்கும். வெடிக்கல. உங்களோடது புளூடூத் சார், மதியோட பழைய கம்ப்யூட்டர்ல புளூடூத்தே கிடையாது. மிச்சம் இது ஒண்ணுதான்."

உருண்டையை மெல்ல உருட்டினாள். பாதி சுற்று வந்ததும் உள்ளேயிருந்து குங்குமம் எட்டிப் பார்த்தது, சுற்றிலும் கொஞ்சம் சந்தனத்தோடு.

"அம்மா மறக்கல. உருண்டை மேலயே வெச்சாங்க. உருட்டினதுல பொட்டு உள்ள போயிடுச்சு. இதோட ரிசீவர் உங்க பர்சை விட்டு வெளியே வராது, டில்லிபாபு சார்."

டில்லிபாபு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"பூஜையில வெச்சதைத் தொடாதீங்கன்னு எல்லாருக்கும் சொன்னதே நான்தான். நானே தொட்டேன்னு எந்த மூஞ்சியோட சொல்றது? மூணு மணிக்கு வந்தேன். இந்தப் பொண்ணு டிராயிங்ல ஒரு தப்பாவது கண்டுபிடிக்கணும்னு பார்த்தேன். பொறாமைதான் சார். கை பட்டு துளை நகர்ந்தது தெரியல. மூடும்போது 'சேவ் பண்ணவா'ன்னு கேட்டுது, பழக்கத்துல ஆமாம் போட்டுட்டேன். காலையில தகட்டைப் பார்த்ததும் புரிஞ்சுது. வாயைத் திறக்கல. அதுதான் பெரிய தப்பு."

ஜெகதீசனுக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. கத்தத்தான் வாயைத் திறந்தார். வந்தது ஒரு கேள்வி.

"ஒரு மணி நேரம் தேடினீங்களே, எத்தனை தப்பு கிடைச்சுது?"

"ஒண்ணுகூட இல்ல சார்."

"பதினெட்டு வருஷம் டிராயிங் பார்த்தவர் வாயால இது வந்த பிறகு, இந்தப் பொண்ணுக்கு இன்னும் ஒரு மாசம் என்ன பரீட்சை? நிரந்தர ஆர்டர் இன்னைக்கே டைப் ஆகணும்."

மதிவதனி அழுதுவிட்டாள். பிறகு துப்பட்டாவில் முகத்தைத் துடைத்துக்கொண்டு தன் நாற்காலியை இழுத்துப் போட்டாள். பக்கத்தில் இன்னொன்றையும் போட்டாள்.

"புதுத் தகடு எடுக்கச் சொல்லுங்க சார். டில்லி அண்ணா, இந்தத் தடவை என் பக்கத்துல உட்கார்ந்தே தப்பு தேடுங்க."