கழுத்து வரை தண்ணீர்

ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்திருந்தால் அவன் பயந்திருக்க மாட்டான். கூடியிருந்தது. நேற்று லோடு இறக்கி வந்து, லாரி நன்றாக ஆறிய பிறகு, கழுத்துக்கு இரண்டு விரல் கீழே நிற்கிறதென்று பார்த்துத்தான் மூடினான். காலையில் திறந்தால் விளிம்பில் தளும்பிக்கொண்டிருந்தது. ஷெட் பூட்டியிருந்தது, சாவி அவன் இடுப்பில் இருந்தது. இது ஐந்தாவது நாள்.

மெக்கானிக்குக் கிண்டல்தான் வந்தது. "தண்ணி குறைஞ்சா கேஸ்கெட் போச்சுன்னு சொல்லுவேன். ஏறுதுன்னா என்னத்தைச் சொல்ல? யாரோ சம்பளமில்லாம உனக்கு ஊழியம் பண்றாங்கப்பா."

பிறகு ஒரு கிளாஸில் கொஞ்சம் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தவன் சிரிப்பை நிறுத்தினான். "நான் ஊத்தின கூலன்ட் நல்ல பச்சை. இது வெளுத்துக் கிடக்கு. வெறும் தண்ணி சேர்ந்திருக்கு. சீக்கிரம் கொதிக்கும், உள்ளே துரு பிடிக்கும், புது கேஸ்கெட்டையும் தின்னுடும். நாலு மாசம் முன்னாடி இன்ஜின் ஹெட்டை இழைச்சு, ஒவ்வொரு போல்ட்டா வரிசை பார்த்து முறுக்கினேனே, எல்லாம் வீணாப்போகும்."

வெறும் தண்ணீர் ஊற்றுவது அண்ணனின் பழக்கம். "கலர் தண்ணிக்கு எவனாவது காசு கொடுப்பானா?" என்று எங்கே நிறுத்தினாலும் முதலில் குடத்தைத்தான் தேடுவார். அவன் அதை மெக்கானிக்கிடம் சொல்லவில்லை.

மெக்கானிக் எல்லாவற்றையும் வடித்துவிட்டுப் புதுக் கூலன்ட் நிரப்பினான். "சூடு காட்டுற முள் பாதியைத் தாண்டினா ஓரங்கட்டு. ரேடியேட்டர் மேல் ஹோஸை அமுக்கிப் பாரு. கல்லு மாதிரி இருந்தா மூடியைத் தொடாதே. உனக்குச் சொல்லணுமா?"

சொல்ல வேண்டியதில்லை. நான்கு மாதம் முன்பு, மலையேறும் சாலையில், பழைய கேஸ்கெட் போய், புகை கிளம்பி லாரி நின்றபோது அண்ணனும் அதைத்தான் கேட்டார். கையில் குடத்தோடு, தோளில் நீலத் துண்டோடு, "ஹோஸை அமுக்கிப் பார்த்தியாடா?" என்றார். அவன் பார்க்கவில்லை. நேரமாகிவிட்ட எரிச்சலில், ஹோஸைத் தொடாமலேயே, "ஆறிடுச்சுண்ணே, திற" என்றான். அண்ணன் அவனை நம்பினார். மூடியைத் திருப்பியதும் கொதிதண்ணீர் பீறிட்டு முகத்தில் அடித்தது. முகத்தில் அந்தத் துண்டைச் சுற்றித்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். துண்டும் திரும்பவில்லை, அவரும் திரும்பவில்லை. "சொல்லச் சொல்லக் கேக்காம திறந்துட்டார் அண்ணி" என்று அவன் அழுதான். அண்ணி இன்றும் செத்துப்போனவரைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறாள்.

அன்று மத்தியானமே அதே மலைச்சாலையில் ஏறவேண்டியிருந்தது. வெயில் காய்ச்சிய தகரத்தின் வெளிச்சமாய் எங்கும் நிறைந்திருந்தது; இரண்டாம் கியரில் முனகிக்கொண்டே ஏறிய இன்ஜினின் சத்தத்துக்கு அடியில், வேறு யாரோ மூச்சு வாங்குவதைப் போல ஒரு களகளப்பு கேட்டுக்கொண்டே வந்தது; கேபினுக்குள் மெல்ல, சூடாக, துருவேறிய தண்ணீரின் வாடை பரவியது. கூலன்ட்டின் தித்திப்பு வாடை இல்லை. முள் பாதியைத் தாண்டியது. சிவப்பைத் தொட்டது. ஓரங்கட்டினான்.

அதே வளைவு. அதே உடைந்த தடுப்புச் சுவர்.

அரை மணி நேரம் அசையாமல் இருந்துவிடுவது என்று ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்தான். எதிரே ஒரு வண்டி வரவில்லை. ஒரு காக்கைகூட இல்லை. பத்து நிமிடம் ஆகியிருக்கும். பானெட் தானாக எழுந்து கண்ணாடியை மறைத்தது. அவன் லீவரை இழுக்கவே இல்லை.

அதற்கு அப்பால் யாரோ தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். குடத்திலிருந்து ஒரே சீராக.

ஓடிவிடலாம் என்றுதான் நினைத்தான். ஆனால் கொதிக்கிற இன்ஜினில் குளிர்ந்த தண்ணீர் விட்டால் ஹெட் வெடித்துவிடும். ஹெட் போனால் லாரி போச்சு. லாரி போனால் அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் சோறு போச்சு. இறங்கினான்.

முன்னால் யாரும் இல்லை. தரை ஈரம். ரேடியேட்டர் மூடி இறுக்கமாக மூடியிருந்தது. அதன்மேல் ஒரு நீலத் துண்டு, அண்ணன் போடுவதைப் போலவே நான்காக மடித்து.

ஹோஸை அமுக்கினான். கல்.

"நான் பார்க்கலண்ணே," என்றான். "அன்னிக்கு நான் தொட்டே பார்க்கல. பொய் சொன்னேன். அண்ணிகிட்டயும் பொய்தான் சொன்னேன். மன்னிச்சிடுண்ணே."

களகளப்பு நின்றது.

கையை எடுக்கப் பார்த்தான். கை ஹோஸில் இல்லை. மூடியின் மேல் இருந்தது. துண்டுக்கு மேல். எப்போது வைத்தான்? தெரியவில்லை. இழுத்தான். வரவில்லை.

தோளுக்குப் பின்னாலிருந்து ஈரமான சூடு. வெந்த தோலின் வாடை. ஒரு கை மெதுவாக நீண்டு வந்து அவன் கைமேல் அமர்ந்தது. பாலின் ஆடையைப் போல அதன் தோல் சுருங்கி அவன் விரல்களில் ஒட்டியது.

காதருகே, அன்பாக, ஒரு குரல்.

"ஆறிடுச்சுடா. திற."

இரண்டு கைகளும் சேர்ந்து மூடியைத் திருப்பத் தொடங்கின.