பாதி கேட்டவள்

தலையெல்லாம் ஒயர் தொங்க, சாய்வு நாற்காலியில் கண்மூடிக் கிடந்தவன் திடீரென்று ஒரு பாட்டை முணுமுணுக்க ஆரம்பித்தான். பாத்திரம் கழுவும்போது அவன் மனைவி முணுமுணுக்கிற அதே மெட்டு. மூன்றாவது வரி மறந்துபோய் "ம்ம்" என்று இழுப்பாளே, அந்த இழுப்பும் அப்படியே வந்தது.

"ஏங்க, பேசாம படுங்க. தாடை அசைஞ்சா எல்லாம் கோணலா பதியும்" என்றாள்.

அவன் சிரித்தான். ஒரு வருஷமாகப் பல்லைக் காட்டாத மனுஷன் சிரித்தால் பெண்டாட்டிக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருக்க வேண்டாமா? அவளுக்கோ முதுகு சிலிர்த்தது.

ஆஸ்பத்திரியில் மூளை அலையைப் பதிவு செய்வதுதான் அவள் வேலை. மதிய நேரம், மற்ற நோயாளிகள் போய்விட்டார்கள். மூடிய திரைச்சீலைக்குப் பின்னால் மின்விசிறி கிறீச்சிட, ஸ்பிரிட் வாடையும் ஒயர்களைத் தலையில் ஒட்டும் வெள்ளைப் பசையின் புளித்த வாடையும் அந்தச் சின்ன அறையைவிட்டுப் போக வழியில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தன. பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவன் ஒரு நாள் வேலைக்குப் போகாமல் சுவரைப் பார்த்துப் படுத்தான், படுத்தவன் படுத்தவன்தான். மனச்சோர்வு என்றார்கள், மாத்திரை கொடுத்தார்கள். "அலையை மட்டும் வச்சு மனசை அளந்துட முடியாதும்மா" என்று டாக்டர் சொல்லியிருந்தார். அது அவளுக்கும் தெரியும். ஆனால் புருஷனின் கோடுகள் அவளுக்கு மனப்பாடம். இடது நெற்றிப் பக்கம் அலை, அலுத்துப்போன ஆள் செருப்பை இழுத்துக்கொண்டு நடப்பதுபோலத் தேய்ந்து தேய்ந்து வரும்.

போன மாதம் இதே நாற்காலியில் அவனுக்குப் பசை தடவும்போது அவளுக்கு அழுகை முட்டிவிட்டது. அவன் நெற்றியில் தன் நெற்றியை வைத்து, "உங்க பாரத்துல பாதியை எனக்குக் குடுங்களேன்" என்றாள்.

"நிஜமாவா?"

"நிஜமாத்தான்."

இருவர் நெற்றியும் பசையில் ஒட்டிக்கொண்டது, பிரித்தபோது சுரீரென்றது. மறுவாரமே அவன் சவரம் செய்தான், பஸ் ஓட்டப் போனான். மாத்திரை வேலை செய்கிறது என்று கும்பிடாத சாமியை எல்லாம் கும்பிட்டாள். அவளுக்குத்தான் கொஞ்ச நாளாக ஒன்றும் ஓடவில்லை. குழாயைத் திறந்துவிட்டு, நிரம்பி வழியும் குடத்தைப் பார்த்தபடி நிற்பாள். வேலைப்பளு என்று நினைத்துக்கொண்டாள்.

இப்போது திரையில் அலைகள் துள்ளிக்கொண்டு ஓடின. இரட்டைத் திமில்போல எழும்பி, நொடித்துப் பிறகு ஓடும் நடை. எங்கோ பார்த்த நடை. இந்த மெஷின் புதிதாக வந்தபோது சோதனைக்குத் தன் தலையில்தான் ஒட்டிப் பார்த்திருந்தாள். அந்தப் பதிவை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள்.

இரண்டும் ஒன்று.

அவன் தலையிலிருந்த ஒயர்களைக் கழற்றித் தன் தலையில் ஒட்டிக்கொண்டாள். பதிய விட்டுக் கண்ணை மூடினாள். திறந்து பார்த்தாள். இடது நெற்றிப் பக்கம், செருப்பை இழுத்துக்கொண்டு யாரோ நடந்து வந்துகொண்டிருந்தார்கள்.

"பாதிதானே கேட்டேன்?" என்றாள்.

அவன் துண்டால் பசையைத் துடைத்துக்கொண்டிருந்தான். "ஆமா. அன்னைக்குப் பாதிதான் போச்சு. அப்புறம் நீ தூங்கும்போது தினமும் நெத்தியை ஒட்டி வச்சுக்குவேன். மிச்சமும் போகட்டும்னு."

"தெரிஞ்சே செஞ்சீங்களா?"

"நீ தாங்குவேன்னு நெனச்சேன்மா."

நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்பார்கள். அறுபட்ட இடத்தில் வலிக்கக்கூட இல்லை அவளுக்கு. அதுதான் பயமாக இருந்தது. "திருப்பி எடுத்துக்குங்க."

"கேட்டவங்ககிட்டதான் அது போகும்" என்றான் கனிவாக. "நான் கேக்க மாட்டேன்."

வீட்டுக்கு வந்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். ஒரு வருஷம் அவன் தலை உரசிய இடத்தில் சுண்ணாம்பு கறுத்து, எண்ணெய் வாடை வீசியது. அவள் மூக்கு சரியாக அங்கே போய் நின்றது. வெளியே வெளிச்சம் வடிந்தது. விளக்கைப் போட எழ வேண்டும். எழவில்லை. சமையலறையில் பாத்திரம் கழுவும் சத்தம். முணுமுணுப்பு. மூன்றாவது வரி. ம்ம்.

முணுமுணுப்பு நின்றது. குசுகுசுவென்று பேச்சு. பிறகு சின்னக் காலடிகள்.

"அம்மா." ஆறு வயது மகள். வீட்டில் அவளை வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். "தலை வலிக்குதாம்மா?"

"போடி கண்ணு. போய் விளையாடு."

போகவில்லை. கட்டிலில் ஏறியது. அவளைத் தாண்டிக்கொண்டு, சுவருக்கும் அவளுக்கும் நடுவில் வந்து ஒண்டியது. இருட்டில் ஒரு புளித்த வாடை. தெரிந்த வாடை. ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டிய வாடை.

பிள்ளையின் நெற்றி நடுவில் வெள்ளைப் பசை, விரல் நுனி அளவுக்கு.

"யாரு தடவிவிட்டா?"

"அப்பா. உன்கிட்ட ஒண்ணு கேக்கச் சொன்னாரு. கேட்டா உனக்குச் சரியாயிடுமாம்."

வேண்டாம் என்று சொல்ல வேண்டும். வாய் வரவில்லை. முகத்தைத் திருப்ப வேண்டும். கழுத்து அசையவில்லை. வாசற்படியில் நிழல். கையைத் துடைத்தபடி. காத்துக்கொண்டு.

குளிர்ந்த பிஞ்சு நெற்றி அவள் நெற்றியில் வந்து ஒட்டியது.

"பாதியை எனக்குக் குடும்மா."