வாளிக்குப் போன பாசி

"குப்பிகளை மாத்தி வெச்சுட்டியா? உண்மையைச் சொல்லு!"

அம்மாவின் குரல் கேட்டு வாண்டு கதவருகிலேயே நின்றுவிட்டாள். அம்மா கடற்பாசிகளை ஆராய்பவள். பள்ளி விட்டதும் அம்மாவின் ஆய்வுக்கூடத்தில்தான் வாண்டுவுக்கு வீட்டுப்பாடம்.

"இல்ல மேடம். ஒவ்வொண்ணா பார்த்துதான் வெச்சேன்" என்றாள் உதவியாளர் அக்கா.

"அப்புறம் எப்படி? இந்தப் பச்சைப் பாசி இலை மாதிரி தட்டையா இருக்கு. அது ஸ்ட்ரா மாதிரி உள்ளே காலியா இருக்கு. ரெண்டும் வேற வேற இனம். உன்னோட மரபணுச் சோதனை மட்டும் ரெண்டும் ஒண்ணுங்குது! நாளையிலிருந்து நீ பாத்திரம் கழுவு. சோதனைக்கு வேற ஆளைப் போட்டுக்கறேன்."

அக்கா கழுவும் தொட்டிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். வாண்டு மெல்ல அருகில் போனாள்.

"அழறீங்களாக்கா?"

"சேச்சே. கடல் தண்ணி தெறிச்சுடுச்சு."

"ரெண்டு கண்ணுலயும் ஒரே நேரத்துலயா?"

அக்கா மூக்கை உறிஞ்சியபடியே சிரித்துவிட்டாள்.

தொட்டிக்குக் கீழே ஒரு வாளி நிறையப் பாசி கிடந்தது.

"இதெல்லாம் என்னக்கா?"

"கழிச்சுப் போட்டது. நல்ல தட்டை, நல்ல ஸ்ட்ரா, இந்த ரெண்டை மட்டும்தான் சோதனைக்கு எடுப்போம். ரெண்டுங்கெட்டானா இருந்தா வாளிதான்."

"ஐயோ பாவம்!"

வாண்டு சட்டைக் கையை மடித்துக்கொண்டு வாளிக்குள் கையை விட்டாள். வெள்ளைத் தட்டில் தண்ணீர் ஊற்றி, பாசிகளை ஒவ்வொன்றாக மிதக்கவிட்டாள். ஒன்று அடியில் ஸ்ட்ரா, நுனியில் இலை. இன்னொன்று பாதிக்குப் பாதி. எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கினாள். ஒரு கோடியில் ஸ்ட்ரா, மறு கோடியில் இலை.

"அக்கா, இதுல எது கடைசி ஸ்ட்ரா? எது முதல் இலை?"

அக்கா குனிந்து பார்த்தாள். வரிசையை விரலால் தொட்டுக்கொண்டே போனவள் பாதியில் நிறுத்தினாள். "மேடம், கொஞ்சம் வாங்களேன்!" என்று கூப்பிட்டாள்.

அம்மா பூதக்கண்ணாடியோடு வந்தாள். தட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள்.

"இதையெல்லாம் யாரு வாளியில போடச் சொன்னது?"

அக்கா தரையைப் பார்த்தாள்.

"நீதாம்மா" என்றாள் வாண்டு.

அம்மாவின் முகம் சிவந்தது. தட்டில் இருந்த ஒவ்வொரு பாசியிலும் ஒரு துணுக்கை வெட்டி, புதுக் குப்பிகளில் போட்டு, தன் கையாலேயே பெயர் எழுதி ஒட்டினாள். பிறகு எல்லாவற்றையும் அக்காவிடம் நீட்டினாள்.

"சோதனையை நீயே செய்."

அடுத்த வாரம் முடிவு வந்தது. ஸ்ட்ரா, இலை, ரெண்டுங்கெட்டான் எல்லாம் ஒரே இனம்!

"குப்பியை நீ மாத்தலைம்மா. ஒண்ணா இருந்ததை ரெண்டாப் பிரிச்சது நான்தான். மன்னிச்சுக்கோ" என்று அம்மா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒரே பாசி ஏன் இப்படி வேற வேற உருவத்துல வளருதுன்னு இனிமே நாம சேர்ந்து பார்க்கலாம்."

அக்கா கண்ணைத் துடைத்தாள்.

"மறுபடியும் கடல் தண்ணியாக்கா?"

"ஆமாடி, வாலு!"

மறுநாள் வாண்டு வந்தபோது, தொட்டிக்குக் கீழே இருந்த வாளியில் அம்மாவின் கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது:

'கொட்டுவதற்கு முன் வாண்டுவிடம் கேட்கவும்.'