காத்திரு என்ற பொத்தான்

திரையில் இரண்டு பொத்தான்கள்தான் இருக்க வேண்டும். மூன்றாவதாக ஒன்று, ஆறிப்போன தேநீரில் ஆடை மிதப்பதுபோல் மங்கலாகத் தெரிந்தது: 'காத்திரு'.

அதை நீக்கியவனே அவன்தான். மருத்துவமனையின் கோப்பு மென்பொருளில் பதினொரு பொத்தான்களுக்கு நடுவே ஊழியர்கள் திண்டாடியபோது, கணினிப் பிரிவிலிருந்த அவன் விதிகளை எழுதி, எல்லாவற்றையும் 'அனுமதி', 'மூடு' என்று இரண்டாகச் சுருக்கினான். நோயாளியிடமிருந்து மூன்று நாளில் பதில் வராவிட்டால் கோப்பு தானே மூடிக்கொள்ளும். எல்லாரும் பாராட்டினார்கள், பதிவறை அக்காவைத் தவிர.

"தம்பி, 'காத்திரு'வை மட்டும் விட்டு வைப்பா. எல்லாராலயும் உடனே பதில் சொல்ல முடியுமா?"

"பத்து இருந்தா பதினொண்ணாவதைத் தேடுவீங்கக்கா. பழகிக்கோங்க."

அடுத்த மாதமே அக்காவின் கணவர் நினைவிழந்து அதே மருத்துவமனையில் படுத்தார். சம்மதம் கேட்ட செய்தி, தலையணைக்கடியில் அணைந்து கிடந்த அவருடைய கைபேசிக்கே போனது. நான்காம் நாள் கோப்பு மூடிக்கொண்டது. அறுவை சிகிச்சை நடக்கவில்லை. அவர் இறந்த இரண்டே வாரத்தில் அக்காவும் போய்ச் சேர்ந்தாள். அவளுடைய கணக்கை நீக்கியதும் அவன்தான்.

மாலை ஐந்தரை. எல்லாரும் கிளம்பியிருந்தார்கள். குளிர்சாதனத்தின் ரீங்காரத்துக்கு அடியில், ஈரம் தொட்டு யாரோ காகிதம் புரட்டுகிற சத்தம் விட்டு விட்டுக் கேட்டது. அதோடு, அக்கா நெற்றியில் தடவிக்கொள்ளும் தலைவலித் தைலத்தின் வாசனை, நாற்காலிக்குப் பின்னால் ஆள் நிற்பதுபோல் மெல்ல நெருங்கி வந்தது.

கைபேசி அதிர்ந்தது. மனைவி.

"என்னங்க, பாப்பா மாடிப்படியில உருண்டுட்டா! பேச்சு மூச்சில்ல. உங்க ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு வந்திருக்கோம். கம்ப்யூட்டர்ல ஏதோ அனுமதி வரணுமாம். சீக்கிரம் பாருங்க!"

திரையில் புதுக் கோப்பு திறந்திருந்தது. மகளின் பெயர். வயது ஆறு. கீழே அவன் எழுதாத விதி.

பதில் தர வேண்டியவர்: நோயாளி. அவகாசம்: மூன்று நிமிடம்.

'அனுமதி'யைக் காணவில்லை. விதியைத் திருத்தப் பார்த்தான். உரிமை இல்லை என்றது. அவனுடைய மென்பொருள். அவனுடைய கடவுச்சொல்.

"என்னங்க, இருக்கீங்களா?"

இரண்டு நிமிடம்.

'காத்திரு'வை அழுத்தினான். அசையவில்லை. மறுபடி. மறுபடி.

"அக்கா..." கெஞ்சினான். "சின்னக் குழந்தைக்கா. என்னை வேணா..."

காதருகே, தைல வாசனையோடு, பொறுமையான குரல்.

"பழகிக்கோ தம்பி."

சுட்டெலியில் இருந்த அவன் கை தானாக நகர்ந்தது. இழுத்தான். வரவில்லை. ஆள்காட்டி விரல்மேல் குளிர்ந்த இன்னொரு விரல் படிந்திருந்தது. காகிதம் புரட்ட அக்கா மாட்டிக்கொள்ளும் ரப்பர் உறை. இன்னும் ஈரமாக.

அம்புக்குறி 'மூடு'வின்மேல் நின்றது.

விரல் மெல்ல அழுத்தத் தொடங்கியது.