தாய்மரத்து மண்

காலையில் கன்று ஒரு சாண் உயர்ந்திருந்தது.

வெண்டா கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். மிர்ட்டில் பீச் அப்படி வளரும் சாதியல்ல. தாஸ்மானியக் காட்டில் ஐந்நூறு வருடம் நிற்கிற மரத்துக்கு அவசரம் எதற்கு? மூன்று வருடமாக அவள் தோட்டத்தில் அது முழங்கால் உயரத்திலேயே முரண்டு பிடித்தது. தாய்மரத்தடி மண் ஒரு வாளி கலக்காவிட்டால் கன்று தேறாது என்று நாற்றுப்பண்ணை மர்னி சொன்னதால், போன வாரம் அவள் புருஷன் கிளைவ் காட்டுக்குப் போய் அள்ளி வந்தான்.

எந்த மரத்தடி என்று அவள் அவனைக் கேட்கவில்லை. கேட்கப் பயம். நான்கு வருடத்துக்கு முன்னால் அவர்கள் மகள், ஆறு வயது டில்லி, அந்தக் காட்டில்தான் ஒரு கிழட்டு மிர்ட்டிலின் பொந்துக்குள் ஒளிந்து விளையாடப் போனாள். ஊரே திரண்டு தேடியும் ஒற்றைச் சிவப்பு பூட்ஸ்தான் கிடைத்தது.

மறுநாளும் ஒரு சாண். மூன்றாம் நாளும். அதோடு நின்றுவிட்டது. சமையலறை வாசல் நிலையில் டில்லியின் உயரத்துக்குப் போட்ட கடைசிப் பென்சில் கோட்டின் மட்டம். அளக்கும்போது எக்கி நின்று ஏமாற்றுவதில் டில்லி பலே கெட்டிக்காரி.

அன்று மாலை ஐந்து மணிக்கே பனிமூட்டம் வேலியை விழுங்கிவிட, கூரை சொட்டும் சத்தத்துக்கு நடுவே, பாசியும் மக்கிய இலையும் கலந்த வாடை சமையலறைக்குள் மெல்ல வந்து சேர்ந்தது.

"மண்ணு எங்கேருந்து எடுத்தே?"

கிளைவ் தேநீர்க் கோப்பையிலிருந்து கண்ணெடுக்கவில்லை. "அவ பொந்துலேருந்துதான். வேற எங்க போவேன்? 'போதும், வீட்டுக்கு வாடி'ன்னு ஒரு வார்த்த சொல்லிட்டு வந்தேன்."

பெற்ற மனம் பித்து. திட்ட வாய் வரவில்லை; நான்கு வருடமாகப் பின்கதவைப் பூட்டாமல் படுப்பவள் அவள்தானே.

அவன் விறகெடுக்க வெளியே போனான். சற்றைக்கெல்லாம் இருட்டிலிருந்து குரல் வந்தது. "வெண்டா, கன்ன நீ பிடுங்கினியா? குழிதான் இருக்கு."

பின்னால் சத்தம். ஈரமாக ஏதோ இழுபடும் சத்தம். நின்றது.

திரும்பினாள்.

நிலையில் முதுகை ஒட்டி, நிமிர்ந்து, கன்று நின்றது. செம்பு நிறத் தளிர் நடுங்கியது. வேரெல்லாம் மண். ஒரு வேர்க்கொத்தில் மட்டும், அன்று கிடைக்காமல் போன மற்றச் சிவப்பு பூட்ஸ்.

தளிர் மெல்லக் கோட்டைத் தாண்டி உயர்ந்தது.

வெண்டா பென்சிலை எடுத்தாள்.

"எக்காதடி," என்றாள்.

பூட்ஸின் குதிகால் மெதுவாகத் தரையில் இறங்கியது.