மாத்தாளு வந்தாச்சு

சுக்கான் அறையில் இருந்த பித்தளைக் குழாயின் வாயிலிருந்து வெதுவெதுப்பான காற்று வந்துகொண்டிருந்தது. ரமாபாய் புறங்கையை வைத்துப் பார்த்தாள். காசிமேட்டில் காலையிலிருந்து அடைமழை. ராயபுரம் பாலத்திலேயே அவளும் மகளும் தொப்பலாக நனைந்திருந்தார்கள். கீழே இஞ்சின் அறையில் இருப்பவர்களோடு பேசத்தான் அந்தக் குழாய். இப்போது அங்கே இஞ்சினும் இல்லை, பாய்லரும் இல்லை. எல்லாம் பழைய இரும்புக்குப் போய்விட்டது, கீழே இறங்கும் வழியின் மூடியையும் வெல்டிங் வைத்து அடைத்தாயிற்று என்று கப்பலைச் சுற்றிக்காட்டும் சாலமன் சற்று முன்புதான் சொன்னார்.

பெரிய கப்பல்களைத் துறைமுகத்துக்குள் இழுத்து வந்த டக் படகு அது. நூறு வயதாகப் போகிறது என்று பெயின்ட் அடித்து, ஜனங்கள் பார்க்கத் திறந்துவிட்டிருக்கிறார்கள். ரமாபாய்க்கு அது அப்பா செத்த இடம். அப்பா பேர் மண்ணாங்கட்டி; அதன் பாய்லருக்குக் கரி தள்ளினவர். பாய்லர் வெடித்த அன்று அவளுக்கு எட்டு வயது. பாவி மனசு, அவர் முகத்தைக்கூட மறந்துவிட்டது. ஞாபகத்தில் இருப்பது அந்த வலது கை மட்டும்தான். மோதிர விரல் இல்லாத கை. அதைப் பிடித்துக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போவாள்.

"அல்லாரும் ஓடிட்டாங்களாமே, தாத்தா மட்டும் ஏம்மா ஓடல?" என்றாள் மகிழினி. பத்து வயது, கேள்வி கேட்காமல் ஒரு நிமிடம் இருக்கமாட்டாள்.

சாலமன் பதில் சொன்னார். "மாத்தாளு வராம நெருப்ப வுட்டுட்டு ஏறக்கூடாது பாப்பா. மேல கீறவங்க இந்தக் கொழாய்ல 'மாத்தாளு வந்தாச்சு'ன்னு சொல்லணும். கீழ கீறவரு மணி அடிச்சிட்டு ஏறி வருவாரு. அன்னிக்கு மாத்தாளு வரல."

கரையிலிருந்து யாரோ கூப்பிட, குடையை விரித்துக்கொண்டு இறங்கிப் போனார்.

மகிழினி எக்கிக் குழாயில் வாயை வைத்தாள்.

"தாத்தா! மாத்தாளு வந்தாச்சு. நான்தான். நீ வூட்டுக்குப் போ!"

ரமாபாய்க்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. "வாலு," என்று மகள் தலையில் செல்லமாகத் தட்டினாள்.

கீழே மணி அடித்தது.

ஒரே ஒரு தடவை. இரும்புத் தரை வழியாக அந்த அதிர்வு உள்ளங்காலில் ஏறியது. குழாயிலிருந்து கரிப்புகை வாசனையும் காய்ந்த எண்ணெய் வாசனையும் வந்தன, பின்னாலேயே தோல் பொசுங்கும் நாற்றம் வந்தது. மழைச் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம் கேட்டது. இரும்பு ஏணியில் ஒரு கால். மறு கால். நாள் முழுக்க உழைத்த ஆள் ஏறுவதுபோல நிதானமாக.

ரமாபாய் ஜன்னலுக்கு ஓடினாள். சாலமன் தூரத்தில், கரையில் நின்றிருந்தார். இந்த மழையில் கூப்பிட்டாலும் கேட்காது.

ஏணிச் சத்தம் நின்றது. மூடி திறக்கவில்லை.

"வா, போலாம்." கண்ணை ஜன்னலிலிருந்து எடுக்காமல் கையைப் பின்னால் நீட்டி, மகளின் கையைப் பிடித்தாள். கதவை நோக்கி இரண்டு அடி வைத்தாள்.

கை சுட்டது.

மழையில் நனைந்த பிள்ளையின் கை இப்படிச் சுடாது. பெரிய கை. காய்ப்பு. எண்ணெய்ப் பிசுக்கு. திரும்பப் பயந்து விரல்களைத் தடவினாள். கட்டைவிரல். ஆள்காட்டி. நடுவிரல். அடுத்து ஒன்றுமில்லை.

பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது செய்வதுபோல, அந்தக் கை அவள் கையை மெல்ல அழுத்தியது.

குழாயில் மகிழினியின் குரல் கேட்டது, வெகு கீழேயிருந்து.

"அம்மா... இங்க ரொம்ப சுடுது. எனக்கு எப்பம்மா மாத்தாளு வரும்?"